ஆணி இல்லாத முக்காலி

ஆகஸ்ட் 4, திங்கள்

விடியும்போதே வெக்கை. ஆடிக் காற்றில் வாசல் முழுக்க மண். பெருக்கி முடிப்பதற்குள் மறுபடியும் மண்.

வலது கரண்டைக்கால் மறுபடி போய்விட்டது. நேற்று சாயங்காலம், ஆமத்தூர் கிரவுண்டில். ரெய்டு போய் ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது மடங்கியது. யாரும் பிடிக்கவில்லை, யாரும் தள்ளவில்லை, தரையில் ஒரு கல்கூட இல்லை. தானாக உள்பக்கம் சரிந்தது. பொங்கலிலிருந்து இது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

இதுவரை காரணம் சொன்னவர்கள்:
கோச் சார் – கவனம் இல்லை.
அம்மா – ஊர்க்கண்ணு.
கௌசி – ஷூ மட்டம். (அவள் போடுவதும் அதே கடை ஷூ.)
பெரியப்பா – பொம்பளப் பிள்ளைக்குக் கபடி எதுக்கு.
கட்டுப் போடுகிறவர் – வாயு. அவர் போட்ட கட்டில் ஒரு வாரம் முட்டை நாற்றம்.

கவனம் இல்லை என்பது பச்சைப் பொய். மற்றவர்கள் ரெய்டு போனால் எதிரே நிற்கும் ஏழு பேரைப் பார்த்தால் போதும். நான் அந்த ஏழு பேரோடு என் காலையும் சேர்த்துப் பார்க்கிறேன். எனக்குத்தான் கவனம் கூட.

17ஆம் தேதி ஞாயிறு, விருதுநகரில் மாவட்ட அணித் தேர்வு. சார் நேற்று எல்லார் முன்னாலும் சொன்னது அப்படியே: "இன்னொரு தடவ மடங்குச்சுன்னா பேரை அடிச்சிருவேன் மாரி. கவனமில்லாத பிள்ளைய வச்சிக்கிட்டு நான் என்ன செய்யட்டும்? இது டீமா ஆஸ்பத்திரியா?"

கௌசி தலையைக் குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். நான் இல்லையென்றால் அந்த இடம் அவளுக்கு. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

தேர்வுக்குப் போவேன். போயே தீருவேன்.

வீக்கத்தில் என் செருப்பு ஏறவில்லை. அம்மாவின் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு பட்டாசுக் கம்பெனி வேன் ஏறினேன். அம்மா செருப்பு எப்போதும் முன்பக்கம்தான் தேயும். பெருவிரல் தரையில் உரசிக்கொண்டே வந்தது, எரிச்சல்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காற்று நின்றுவிட்டது. ஷெட்டுக்குள் அடுப்படி வெக்கை.

தீபாவளி ஆர்டர் ஏறிவிட்டது. எங்கள் ஷெட்டில் சங்குசக்கரம். அம்மாவும் நானும் எதிரெதிரே. மருந்து அடைத்த காகிதக் குழாயைப் பலகையில் வைத்து இறுக்கமாகச் சுற்றி, நுனியைப் பசை போட்டு ஒட்டி, தட்டில் அடுக்க வேண்டும். எத்தனை சுற்றுகிறோமோ அத்தனைக்குத்தான் கூலி. அதனால் யாரும் லேசில் எழுந்திருப்பதில்லை. வலது காலை மடித்து அதன்மேல் உட்கார்ந்து, இடது முழங்காலைக் குத்தவைத்தால் மதியச் சோறு வரை அப்படியே. வேலைக்கு வந்த முதல் சீசனில் பக்கத்து இடத்துப் பாக்கியம் அக்கா சொல்லித் தந்த உட்காரல். "இப்பிடி உக்காந்தாத்தான் கை ஓடும்" என்றது. உண்மைதான், ஓடுகிறது.

டிகிரி முடித்தவள் சக்கரம் சுற்றுகிறாள் என்று பெரியப்பா இன்றும் வேனில் ஆரம்பித்தார். விளையாட்டுக் கோட்டாவில் வேலைக்குப் போகிறேன், அதுவரை சுற்றுகிறேன், உங்களுக்கு என்ன நஷ்டம் என்று கேட்டேன். அம்மா தொடையில் கிள்ளியது.

சோற்று மணி அடித்ததும் வழக்கமான கூத்து. எல்லாரும் காலைத் தரையில் தட்டுவது. பாக்கியம் அக்கா சத்தம்: "ஏ யாத்தா, எங்காலு எங்கன போச்சுன்னு யாராவது பாத்துச் சொல்லுங்கடி." தினமும் இதே பேச்சு, தினமும் சிரிப்பு.

சாயங்காலம் நான் முன்னால் வந்து உலை வைத்தேன். அம்மா கடைக்குப் போய்விட்டு வந்தது. தெருமுனையிலேயே தெரிந்துவிடும். டப், டப் என்று அம்மாவின் வலது கால் தரையை அறையும் சத்தம். சின்ன வயதில் அந்தச் சத்தம் கேட்டால் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்வேன்.

வாங்க வேண்டியது: பல்பொடி, ரப்பர் பேண்டு, அம்மாவுக்குச் செருப்பு.

ஆகஸ்ட் 7, வியாழன்

வானம் மூடாக்கு. மழை இல்லை.

அரைநாள் லீவு போட்டு சிவகாசியில் எலும்பு டாக்டர். ஒரே கூட்டம். அச்சாபீஸில் விரல் நசுங்கிய ஒருவர், பைக்கில் விழுந்த ஒருவர், நான். எக்ஸ்ரேயில் எலும்பு சுத்தம். டாக்டர் நல்லவர், ஆனால் அவசரம்.

வலிக்கிறதா? ஆமாம். வீங்குகிறதா? ஆமாம். முன்னால் எலும்பு முறிந்திருக்கிறதா? இல்லை. மரத்துப் போகிறதா? இல்லை. சர்க்கரை? இல்லை.

தசைநார் தளர்ந்திருக்கும் என்றார். கரண்டை உறை எழுதிக் கொடுத்தார். விருதுநகரில் ஒரு பிசியோ மேடத்துக்குச் சீட்டு. "பயிற்சி செஞ்சாச் சரியாயிரும்."

போன தடவையும் ஒருத்தர் பயிற்சி என்றார். செய்தேன். ஒற்றைக்காலில் நின்றேன், துண்டை விரலால் இழுத்தேன். இரண்டு மாதம், ஒரு நாள் விடாமல். அதற்குப் பிறகும் மடங்கியது. என்னால் ஆனதை நான் செய்துவிட்டேன். கால்தான் செய்யவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

வெயில். விருதுநகர் பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம்.

இதை முழுசாக எழுதி வைக்க வேண்டும். மறக்கக்கூடாது.

மேடம் இருக்கும் அறைக்கு வெளியே பெஞ்சு. வெகு நேரம் காத்திருந்தேன். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து, காலைத் தரையில் தட்டி, கெண்டையில் ஒரு அடி போட்டு, நொண்டிக்கொண்டே உள்ளே போனேன். மேடம் கதவிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாங்க.

"ஏம்மா, தரையை எதுக்கு அந்த அடி அடிக்கிற?"

"மரத்திருச்சு மேடம்."

"மரத்துப் போகலைன்னு டாக்டர் எழுதியிருக்காரே?"

"அது கரண்டைக்குக் கேட்டாக. இது உக்காந்ததுக்கு வர்றது. எல்லாருக்கும் உள்ளதுதான?"

"எல்லாருன்னா யாரு?"

"எங்க ஷெட்டுல எல்லாரும்."

மேடம் சீட்டைக் கீழே வைச்சிட்டாங்க. வேலையில் எப்படி உட்காருவேன், உட்கார்ந்து காட்டு என்றாங்க. தரையில் உட்கார்ந்து காட்டினேன். எவ்வளவு நேரம் என்று கேட்டாங்க. காலையிலிருந்து சோறு வரை, சோற்றிலிருந்து வேன் வரை என்றேன். எத்தனை வருஷம் என்று கேட்டாங்க. பன்னிரண்டாவது முடித்ததிலிருந்து ஒவ்வொரு சீசனும் என்றேன். கல்லூரி லீவிலும் போனேன்.

பிறகு குதிகாலில் நடக்கச் சொன்னாங்க, முன்பாதம் தரையில் படாமல். இடது பாதம் மேலேயே நின்றது. வலது பாதம் கீழே விழுந்தது. தூக்கினேன், விழுந்தது. பல்லைக் கடித்துத் தூக்கினேன். கேட்கவே இல்லை. என் கால், நான் சொல்வதைக் கேட்கவில்லை. இத்தனை பயிற்சி செய்தேன், ஒருத்தரும் குதிகாலில் நட என்று சொல்லவில்லை.

முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் குமிழ் மாதிரி ஒரு எலும்பு. அதற்குப் பின்னால் விரலால் தட்டினாங்க. பாதத்தின் மேல்வரை கரண்டு ஓடியது. கத்திவிட்டேன்.

விஷயம் இதுதான். அந்தக் குமிழைச் சுற்றி ஒரு நரம்பு, தோலுக்கு அடியிலேயே. பாதத்தை மேலே தூக்குவதும் வெளிப்பக்கம் திருப்பிப் பிடிப்பதும் அதன் வேலை. காலை மடித்து மணிக்கணக்கில் உட்கார்ந்தால் அது நசுங்கும். கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்து போகும். ஓடும்போது கரண்டை உள்ளே சாய்ந்தால் வெளியே இழுத்துப் பிடிக்க ஆள் இருக்காது. மடங்கும். ஒவ்வொரு மடங்கலிலும் அதே நரம்பு இன்னும் இழுபடும். அபூர்வம்தான், அதனால்தான் யாரும் தேடுவதில்லை என்றாங்க. உறுதி செய்ய மதுரையில் நரம்புச் சோதனை, அடுத்த வாரத்துக்கு மேல்.

"சரியாகும்மா. பெரும்பாலும் திரும்பி வந்துரும். ஆனா அந்த உக்காரல் கூடாது. மூணு மாசம் விளையாட்டும் கூடாது."

17ஆம் தேதி தேர்வு என்றேன். தலையாட்டினாங்க, வேண்டாம் என்று.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். பாதி தேர்வுக்காக. பாதி சந்தோஷம். நான் கவனமில்லாதவள் இல்லை. கவனமில்லாதவள் இல்லை. நூறு தடவை எழுதலாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலை ஆறு மணிக்குக் கிரவுண்டு. சாரிடம் சொன்னேன். எதிர்பார்த்த மாதிரியே.

"முட்டிக்குப் பக்கத்துல நரம்பு நசுங்குனா கரண்டை எப்பிடி மடங்கும்? யாருட்ட கதை விடுற?"

"சுவிட்சு செவத்துல இருக்கு சார், ஃபேனு மேலதான சுத்துது?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். சாருக்குச் சிரிப்பு வரவில்லை. தேர்வுக்குப் பயந்து சாக்குச் சொல்கிறேன் என்றார். அப்படியே நரம்பு என்றால் வேலையை விட்டுவிடு என்றார்.

"வேலைய விட்டா ஷூ யாரு சார் வாங்குவா?"

"அப்ப கபடிய விடு."

இரண்டையும் விடமாட்டேன் என்றேன். சார் விசில் ஊதிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். நான் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்தேன். கால் நீட்டி.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மத்தியானம் கருக்கல், தூரத்தில் மின்னல். மின்னல் என்றால் வேலையை அப்படியே போட்டுவிட்டு எல்லாரும் வாசல் கட்டிடத்துக்குப் போய்விட வேண்டும். இருபது பெண்கள், மழை வராமல் இடி மட்டும். கூலியும் போச்சு என்று புலம்பல்.

சும்மா இருக்க முடியவில்லை. எல்லாரையும் குதிகாலில் நடக்கச் சொன்னேன்.

முதலில் சிரிப்பு. "என்ன புள்ள, பரேடா?" பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். பெரும்பாலானவர்கள் நன்றாகவே நடந்தார்கள். பாக்கியம் அக்காவின் வலது பாதம் பாதியில் இறங்கியது. மூலை இடத்துச் சின்னப் பெண்ணுக்கும். "அட, இது என்ன கூத்து" என்று பாக்கியம் அக்கா திரும்பத் திரும்ப நடந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

கடைசியில் அம்மா. வேண்டாம் என்றது, வெட்கம். நான் இழுத்துவிட்டேன்.

அம்மாவின் வலது பாதம் எழும்பவே இல்லை. துளிகூட. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அதைக் குனிந்து பார்த்தது, அடுத்த வீட்டுக்காரி காலைப் பார்ப்பதுபோல. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு நடந்து போய் மூலையில் உட்கார்ந்தது. டப், டப்.

அம்மா வருகிறது என்று நான் புத்தகத்தை எடுத்த சத்தம் அது. தேய்ந்த செருப்பும் அதுதான். நிலைப்படியில் தடுக்கும்போதெல்லாம் "கண்ணு எங்கன இருக்கு" என்று நானே அம்மாவை ஏசியிருக்கிறேன். கோச் சார் என்மேல் போட்ட அதே பழி.

வெறுமனே அழ எனக்கு இஷ்டமில்லை. ஃபோர்மேன் சுப்பையா அண்ணனிடம் நேரே போய் உட்கார ஏதாவது வேண்டும் என்றேன்.

"இரும்பு ஸ்டூலு உள்ள வரக்கூடாது. ஒரு ஆணி உரசுனாப் போதும், ஷெட்டே இருக்காது. பிளாஸ்டிக்கும் ஆகாது, உரசுனா அதுலயும் பொறி வரும். தெரியும்ல?"

"தெரியும்ணே."

"அப்ப தரையிலதான்."

இரும்பும் கூடாது, பிளாஸ்டிக்கும் கூடாது. மரத்தை யாரும் கூடாது என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு. பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம், மைக் சத்தம், மிட்டாய்.

ஆசாரி வீட்டுக்குப் போனேன். ஆணி இல்லாமல் முக்காலி வேண்டும் என்றதும் ஏற இறங்கப் பார்த்தார். எதற்கு என்று சொன்னேன். பழைய வேப்பம்பலகை ஒன்றை எடுத்து, மூன்று துளை போட்டு, கால்களை இறக்கி, மர ஆப்பு வைத்து இறுக்கினார். முழங்கால் இறுக மடங்காத உயரத்துக்கு நானே உட்கார்ந்து உட்கார்ந்து அளவு சொன்னேன். மூட்டில் வைத்த பசை காய வேண்டும், நாளை முழுக்க உட்காராதே என்றார்.

வீட்டுக்குத் தலையில் வைத்துக்கொண்டு வந்தேன். தெருவில் எல்லாரும் விசாரணை. பெரியப்பா: "கபடி போயி இப்ப முக்காலி யாவாரமா?" ஆமாம், உங்களுக்கு ஒன்று வேண்டுமா என்றேன்.

அம்மா முக்காலியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "ஊரே தரையில உக்காருது, ஒனக்கு மட்டும் எதுக்கு? சீசன்ல ஃபோர்மேன் வெளிய போன்னுட்டா?" பயம். கோபம் மாதிரி வருகிறது, ஆனால் பயம்தான்.

பிசியோ மேடம் சொன்ன பெருவிரல் தூக்கும் பயிற்சி காலை, மாலை. அசைவு இல்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

விருதுநகர். காலையிலேயே அனல். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு கண்ணைக் கூசியது.

போவேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா, போனேன். பையில் ஷூ, ஜெர்சி, கரண்டை உறை எல்லாம் இருந்தன. எதற்கு எடுத்து வைத்தேன் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் அணியில் ஒருத்திக்குக் காய்ச்சல், வரவில்லை. ரெய்டுக்கு ஆள் குறைவு. அது வரைக்கும் என் முகத்தைப் பார்க்காத சார் பக்கத்தில் வந்தார்.

"மாரி, டேப்ப நல்லா இறுக்கிச் சுத்து. ரெண்டே ரெண்டு ரெய்டு. பேரு ஏறிருச்சுன்னா பெறகு எம்புட்டு ரெஸ்டு வேணும்னாலும் எடு."

பை ஜிப்பைத் திறந்துவிட்டேன். பொய் எழுத மாட்டேன், ஷூவை வெளியே எடுத்தேன். ஒரு காலில் போட்டும் விட்டேன். இதற்குத்தானே இத்தனை வருஷம். எழுந்து நின்று குதிகாலில் நான்கு எட்டு வைத்துப் பார்த்தேன். விழுந்தது. இந்தக் காலோடு போனால் மூன்றாவது ரெய்டு என்று ஒன்று என் வாழ்க்கையில் இருக்காது. அம்மாவின் டப், டப் காதில் கேட்டது.

"மாட்டேன் சார்."

"இம்புட்டு நாளா போவேன் போவேன்னு நின்ன?"

"போவேன் சார். இந்தக் காலோட போகமாட்டேன்."

ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே தேர்வாளர் மேஜைக்குப் போனேன். நடுவில் இருந்தவங்க பழைய ஆட்டக்காரி, காதுப்பக்கம் தழும்பு. என் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். ‘உடல்தகுதியில் அக்கறை இல்லை’ என்று இருந்தது. யார் சொல்லி எழுதியது என்று கேட்கவில்லை.

"அத அடிச்சிட்டு காயம்னு எழுதுங்க மேடம். காயம்னா எழுதுங்க, ஒத்துக்கிறேன். அக்கறை இல்லைன்னு எழுதாதீக."

மேஜைக்கு முன்னாலேயே நடந்து காட்டினேன். வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும். மேடம் பேனாவை எடுத்து அடித்துவிட்டு, ‘காயம்’ என்று எழுதினாங்க. ஜனவரியில் இன்னொரு முகாம் இருக்கிறது, கால் சரியானால் வா, மற்றவர்களோடு சேர்த்துத்தான் பார்ப்பேன், சலுகை கிடையாது என்றாங்க. சலுகை யார் கேட்டது?

கௌசிக்கு இடம் கிடைத்தது. நன்றாகத்தான் ஆடினாள். கை தட்டினேன். பிறகு பஸ் ஸ்டாண்டு கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது சார் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "நம்ம பிள்ளைகள்ல பாதிப் பேரு ஷெட்டுக்குத்தான் போகுது. அந்தக் குதிகால் நடைய எல்லாருக்கும் பாக்கணுமோ?" என்றார். பாருங்கள் என்றேன். பஸ் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 18, திங்கள்

மூடாக்கு. மின்னல் இல்லை. வேலை உண்டு.

முக்காலியோடு வேன் ஏறினேன். கேட்டிலேயே சுப்பையா அண்ணன் மறித்தார். தலைகீழாகத் திருப்பிக் காட்டினேன். "ஆணி இருக்கான்னு பாத்துக்கங்கண்ணே." விரலால் ஒவ்வொரு மூட்டாகத் தடவினார். நகத்தால் சுரண்டினார். ஒன்றும் இல்லை. உள்ளே விடவும் மனசில்லை, விடாமல் இருக்கக் காரணமும் இல்லை.

காலி மரத்தட்டுகளை அடுக்கி அதன்மேல் பலகையை வைத்தேன். முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு பாதமும் தரையில். கை பழகவில்லை. குழாய் நழுவியது, சுற்று தளர்ந்தது. சோற்று நேரத்துக்கு என் தட்டு மற்றவர்கள் தட்டில் பாதிகூட இல்லை.

மணி அடித்தது. எல்லாரும் காலைத் தட்டினார்கள். நான் தட்டவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தால் என் முக்காலியில் அம்மா. சும்மா உட்கார்ந்து பார்க்கிறது என்று நினைத்தேன். பலகையை இழுத்து வைத்துச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. சுப்பையா அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்ன, ஆத்தாளுக்கும் மகளுக்கும் சிம்மாசனமா? சீசன் நேரம். எறங்குங்க, தரையில உக்காந்து வேகமாச் சுத்துங்க."

அம்மா ஒருநாளும் அந்த ஆளுக்கு எதிரே வாய் திறந்ததில்லை. நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அம்மா முந்திக்கொண்டது. சுற்றுவதை நிறுத்தவில்லை, தலையைத் தூக்கவும் இல்லை.

"எங்காலு எறங்க மாட்டேங்குதுண்ணே. நீங்க வேணா வந்து எறக்கி விடுங்க."

பாக்கியம் அக்கா முதலில் சிரித்தது. பிறகு எல்லாரும். அவர் எதையோ முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார். நாளைக்கு முதலாளியைக் கூட்டி வரலாம். வரட்டும், அவரையும் குதிகாலில் நடக்கச் சொல்வோம்.

அம்மாவிடம் எழுந்திரு என்றேன். "போ புள்ள" என்றது.

பக்கத்தில் வேறு காலித் தட்டுகளை இடுப்பு உயரத்துக்கு அடுக்கி, அம்மாவின் பலகையை அதன்மேல் வைத்தேன். வேன் வரும்வரை நின்றுகொண்டே சுற்றினேன். முதுகு வலி, தோள் வலி, தொடை வலி. கால் மரக்கவில்லை.